ஒற்றைக்கால் குருவும் ஊமை மரமும்

செங்குளத்துக் கரையில் கொக்குகள் ஒரு சங்கீத சபை கட்டின. அந்தச் சபை செய்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிட வேண்டும். ஒன்று முன்பின்னாகப் போனாலும், எதுவுமே நடக்கவில்லை என்று சாதித்துவிடுவார்கள்.

முதல் அநியாயம், தவளைகளைத் துரத்தியது. சபை எழுந்த இடம் தவளைகள் பாடிக்கொண்டிருந்த இடம். காரணம் கேட்டதற்கு, "அவர்கள் குரலில் ஈரம் அதிகம்" என்றன கொக்குகள். துரத்துகிற வழியில் நாலைந்து தவளைகளை விழுங்கியதைக் காரணத்தில் சேர்க்கவில்லை.

இரண்டாவது, சில்வண்டுகளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தது. சுதி போட அவர்கள் வேண்டும். பெயர் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, மூக்காயிக்குச் செய்தது. மூக்காயி ஒரு மரங்கொத்தி. சபை வேலிக்கு வெளியே நின்ற பட்டுப்போன பனையில் அவள் தட்டினால் காடு முழுக்கக் கேட்கும். தீப்பிடித்தால் ஒரு தட்டு, வல்லூறு வந்தால் ஒரு தட்டு, சாவு விழுந்தால் ஒரு தட்டு. கொக்குத் தலைவரின் தகப்பனார் செத்த அன்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தட்டியவள் அவள்தான். மறுவாரமே சபை கூடித் தீர்மானம் போட்டது: சாவுக்குத் தட்டிய மூக்கு சபைக்குள் வரக்கூடாது.

நான்காவது அநியாயம், அவள் மகனைக் கேட்டு வந்தது. கதை இங்கேதான் தொடங்குகிறது.

அந்த வருஷம் பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வலசை வந்த வாத்துகள் செங்குளத்தில் இறங்கின. வந்ததும் வராததுமாக, "உங்கள் ஊரில் தாளம் நன்றாக இருக்குமாமே, கேட்க வேண்டும்" என்றன. கொக்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சபையில் தாளம் போடத் தெரிந்தவர் ஒருவருமில்லை.

சபைக் காரியதரிசி ஓணான். பெரிய ரசிகர் என்று பெயரெடுத்தவர். யார் பாடினாலும், யாரும் பாடாவிட்டாலும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். அவர் வேலியைத் தாண்டி மூக்காயியின் மகன் சுடலையிடம் போனார்.

"தம்பி, உங்களுக்கு யோகம் அடித்திருக்கிறது. சபை மரத்தில் நிரந்தர இடம். 'தாளச் சிகரம்' என்று பட்டம். வாத்துகள் முன்னிலையில் தருகிறோம்."

"நான் என்ன செய்யணும்?"

"தட்ட வேண்டியதுதான். கச்சேரி முடிந்ததும் மைனா உங்கள் பரம்பரை ஓலையை வாசிப்பார். அது சபை வழக்கம். ஓலையை நாங்களே எழுதிவிட்டோம். உங்கள் பெயர் நாதசுந்தரம்."

"என் பேரு சுடலைங்க."

"அது வெளியே. உள்ளே நாதசுந்தரம். குரு, கொக்குத் தலைவர் வெண்பட்டர்."

சுடலைக்குச் சிரிப்பு வந்தது. "அவர் எப்ப எனக்குத் தட்டிக் காட்டினாரு?"

"தட்டவில்லை. ஒற்றைக் காலில் நின்றார். நீங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறீர்கள் அல்லவா? அந்த அசையாமைதான் லயத்தின் மூலம். அதைப் பார்த்துத்தான் நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். தெரியாமல் கற்றுக்கொண்டீர்கள்."

"எங்கம்மா பேரு?"

ஓணான் தலையாட்டுவதை நிறுத்தினார். அவர் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. "ஓலையில் இல்லாதவர்களைப் பற்றிச் சபை பேசுவதில்லை. வெளியூர்ச் சாட்சிகள் முன்னால் ஒருமுறை வாசித்த ஓலையை மாற்றவும் கூடாது. அதன்பின் அந்தப் பனையில் நீங்கள் உட்காரக்கூடாது. தாயாரைப் பார்க்க வேண்டுமென்றால் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொள்ளலாம்."

மாற்றக்கூடாது என்ற சட்டமும் கொக்குகள் போட்டதுதான். பொய் எழுதுகிறவனுக்குத்தான் அழியாத மை தேவைப்படுகிறது.

சுடலை பனைக்குப் போனான். அந்தப் பனைக்குள் இருந்த சோற்றை, அதாவது மெத்தென்ற உள்சதையை, கறையான்கள் தின்று தீர்த்து வெகுகாலம் ஆயிற்று. வெளியே வைரம் பாய்ந்த கட்டை, உள்ளே வெறும் காற்று. அதனால்தான் அது பேசியது. அந்த ஒரு பனையின் கறையானை மட்டும் தின்பதில்லை என்று மூக்காயி தன் குடும்பத்துக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தாள்.

மகன் சொன்னதையெல்லாம் அவள் கேட்டாள்.

"போய் உக்காருலே. மூணு தலைமுறையா வேலிக்கு வெளிய உக்காந்து மூக்கு தேஞ்சதுதான் மிச்சம்."

"ஓலையில உன் பேரு இருக்காதும்மா."

"தீப்பிடிச்சப்ப எம்பேரைக் கேட்டுக்கிட்டா ஓடுனானுவ? சத்தம் கேட்டுது, ஓடுனானுவ. நீ போ."

சொன்னவள் திரும்பிக்கொண்டு பனையில் இரண்டு கொத்துக் கொத்தினாள். அந்த இடத்தில் பூச்சி எதுவும் இல்லை.

கச்சேரி நாள் வந்தது. சபை மரம் ஒரு பெரிய மருதம். கறையான் தொட்டால் தீட்டு என்று வேர்வரைக்கும் சுரண்டி, மஞ்சள் பூசி, கொக்கிறகால் தோரணம் கட்டியிருந்தார்கள். மரத்தைப் பூசத் தெரிந்தவர்களில் ஒருவருக்கும் அதைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. வாத்துகள் முன்வரிசையில் உட்கார்ந்தன. வெண்பட்டர் மேடையில் ஒற்றைக் காலில் நின்றார். திரைக்குப் பின்னால் சில்வண்டுகள் சுதி போட்டன.

சுடலை தட்டினான்.

டொக்.

மறுபடி தட்டினான். டொக். பச்சை மரம், உள்ளே முழுக்கச் சதை. சுடலை மூக்கு வலிக்க வலிக்கத் தட்டினான். கல்லில் விழுந்த புளியங்கொட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதுவும் முதல் வரிசையைத் தாண்டவில்லை.

"ஆகா, எவ்வளவு சூட்சுமம்" என்றார் ஓணான். தலை விடாமல் ஆடியது.

"செவிக்கு எட்டாத நாதம்" என்றது ஒரு கொக்கு.

"எங்கள் ஊரில் இதைச் சும்மா இருப்பது என்று சொல்வோம்" என்றது மூத்த வாத்து. அதற்குப் பொய் பேசிப் பழக்கமில்லை. தூரத்திலிருந்து வந்தது.

வெண்பட்டர் மைனாவைப் பார்த்தார். "கச்சேரி முடிந்தது. ஓலையை வாசியும்."

சுடலை மரத்தை விட்டு நகரவில்லை. பட்டம் கிடைக்கப்போகிறது. தட்டாத தாளத்துக்குக் கிடைக்கிறது என்றாலும் பட்டம் பட்டம்தான். இன்னும் நாலு வரி மைனா வாசித்துவிட்டால் அவனுக்கு இந்த மரம் சொந்தம்.

மூத்த வாத்து விடவில்லை. "ஐயா, உங்கள் சீடர் தட்டியது எங்களுக்குக் கேட்கவே இல்லை. உங்கள் பாடமே இப்படித்தானா?"

வெண்பட்டர் தொண்டையைச் செருமினார். "அம்மையே, நாங்கள் இவனுக்கு ஊட்டியது உயர்ந்த லயம். அதில் குறை ஏதும் தென்பட்டால் அது குரு வழி வந்ததல்ல. தாய் வழி வந்தது. அவள் சாவுக்குத் தட்டுகிறவள்."

நிறை வந்தால் குருவுக்கு, குறை வந்தால் தாய்க்கு. ஓலையில் எழுத இடமில்லாத பெயருக்குப் பழி சுமக்க மட்டும் இடம் இருந்தது.

சுடலை மரத்தை விட்டுப் பறந்தான். வேலியைத் தாண்டினான். பனையில் போய் ஒட்டினான். மூக்காயி பதறிப்போய், "ஏலே, பட்டத்தை விட்டுட்டு வந்துட்டியே" என்றாள். அவன் மூக்கை ஓங்கினான். அவள் கற்றுக்கொடுத்த முதல் பாடத்தைத் தட்டினான். தீத் தட்டு.

குளம் அதிர்ந்தது. துரத்தப்பட்டு மேற்குச் சகதியில் ஒதுங்கியிருந்த தவளைகள் கத்தின. திரைக்குப் பின்னால் இருந்த சில்வண்டுகள் திரையைத் தாண்டிக் குதித்தன. கொக்குகள் மொத்தமும் விர்ரென்று எழும்பி அடித்துப்பிடித்துப் பறந்தன. ஓணான் தோரணத்துக்குள் தலையை மறைத்துக்கொண்டார். வெண்பட்டர் மற்றக் காலையும் தரையில் ஊன்றி ஓடினார். அவருக்கு இரண்டாவது கால் இருக்கிறது என்பதைச் செங்குளம் அன்றைக்குத்தான் பார்த்தது.

"எங்கே தீ? எங்கே தீ?" என்று சபைக்கு மேலேயே வட்டமடித்துக் கத்தின கொக்குகள்.

சுடலை நிறுத்தினான். "தீ இல்லைங்க. இது என் முதல் பாடம். உங்களுக்கும் நல்லாத் தெரிஞ்சிருக்கே. உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

வெண்பட்டர் மூச்சு வாங்கியபடி இரண்டாவது காலை அவசரமாக மடக்கிக்கொண்டார்.

வாத்துகள் எழுந்து, வேலியைத் தாண்டி, பனையடியில் வந்து உட்கார்ந்தன. "இன்னும் தட்டு" என்றன. சுடலை வல்லூறுத் தட்டு தட்டினான். பிறகு சாவுத் தட்டு தட்டினான். அதைக் கேட்டதும் கூட்டம் அடங்கிப்போனது. தன் தகப்பனார் ஞாபகம் வந்து வெண்பட்டர்கூடத் தலையைக் குனிந்தார். குனிந்ததை யாராவது பார்த்துவிட்டார்களா என்று உடனே நிமிர்ந்தும் பார்த்தார்.

"இப்போது ஓலையை வாசிக்கலாம்" என்றது மூத்த வாத்து.

"அந்த ஓலை அந்த மரத்துக்கு எழுதினது" என்றான் சுடலை. பனையடியில் கிடந்த காய்ந்த ஓலை ஒன்றை எடுத்தான். மூக்கால் குத்திக் குத்தி எழுத்து வைத்தான். வாத்துகளோடு வேலி தாண்டி வந்திருந்த மைனாவிடம் நீட்டினான்.

"இது முறையல்ல" என்று வெண்பட்டர் வேலிக்குள்ளிருந்து கத்தினார். "வேலிக்கு வெளியே வாசித்தது செல்லாது."

"சாட்சி நாங்கள்தானே?" என்றது வாத்து. "சாட்சி உட்கார்ந்த இடம்தான் சபை."

"மைனா, வாசித்தால் உமக்கு நாளை முதல் வேலை இல்லை."

மைனா கொக்கைப் பார்த்தது. ஓலையைப் பார்த்தது. "ஐயா, இத்தனை வருஷமாக நீங்கள் எழுதிக் கொடுத்ததையெல்லாம் வாசித்தேன். ஒன்றிலாவது உண்மை இருந்ததா என்று தெரியாது. இந்த ஓலையில் உள்ளதை என் காதாலேயே கேட்டேன்."

மூக்காயி பனையின் மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டாள். சபைக்கு முன்னால் நின்று அவளுக்குப் பழக்கமில்லை.

நீதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன்; கடைசி வரி மைனாவுடையது. வித்தையை யாரிடம் வாங்கினாயோ அவர் பெயரை, அதை மறைக்க நினைப்பவன் காதில் விழும்படி, சாட்சி வைத்துச் சொல்.

மைனா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தவளைகளுக்கும் சில்வண்டுகளுக்கும் வாத்துகளுக்கும் கொக்குகளுக்கும் கேட்கும்படி வாசித்தது:

"தட்டியவன் சுடலை. மரம் தந்தது கறையான். தாளம் தந்தவள், இவனைப் பெற்றவள், மூக்காயி."