காஸ்பரின் கை அணையவில்லை

காஸ்பர் செத்துக் கிடந்த அறையில் விளக்கே தேவைப்படவில்லை. பிணத்தின் வலக்கை எரிந்துகொண்டிருந்தது.

ஜெர்மானிய தேசத்தில், ரசவாதத்துக்கும் ரசாயனத்துக்கும் நடுவே இன்னும் வேலி போடாத காலம் அது. சாவு விழுந்த வீட்டில் ஜன்னல்களை அடைப்பது அந்த ஊர் வழக்கம். நடுப்பகலில் அடைத்தார்கள், அதுவே வினையாயிற்று. வெளிச்சத்தில் சும்மா கிடந்த கை, இருட்டியதும் பச்சையாய் மினுங்கியது. விரல்நுனிகளில் மெல்லிய புகை, மூச்சு விடுவதுபோல் வந்து வந்து போயிற்று. துக்கம் கேட்க வந்தவர்கள் தொப்பிகளைக்கூட எடுக்காமல் ஓடினார்கள். ஒருவர் பக்கத்து ஊரில் போய்த்தான் நின்றாராம்.

காஸ்பரின் மனைவி உர்சுலா ஓடவில்லை. அது பிசாசு வேலையல்ல, தங்கம் செய்யப் போன கணவருக்குத் தற்செயலாய்க் கிடைத்த குளிர் நெருப்பு என்று அவளுக்குத் தெரியும். சாகிற அன்று காலையில்கூட ஜாடிக்குள் கைவிட்டு அதை ஆசையாய்த் தடவிப் பார்த்தவர், கையைத் துடைக்கவில்லை.

அதை எதிலிருந்து எடுத்தார்? மூத்திரத்திலிருந்து. தம்பி டீட்ரிச், தோல் பதனிட வேண்டுமென்று பொய் சொல்லி, பீர்க்கடைகளிலிருந்து பீப்பாய் பீப்பாயாய் உருட்டி வருவான். காஸ்பர் புழு நெளியும்வரை ஊறவைத்து, வற்ற வற்றக் காய்ச்சுவார். அந்த நாற்றம் ஹாம்பர்க் நகரம்வரை நடந்து போய், கோட்டை வாசலில் அடித்து விரட்டப்பட்டுத் திரும்பி வந்ததாகப் பேச்சு.

கண் மூடுமுன் அவர் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். "இது எதிலிருந்து வந்ததென்று ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள், உர்சுலா. சூனியக்காரன் என்று சொல்லட்டும், பயப்படட்டும். சிரிக்க மட்டும் விடாதே."

அவள் சத்தியம் செய்துகொடுத்தாள்.

இப்போது போதகர் அறை வாசலைத் தாண்டி உள்ளே வர மறுத்தார். "இந்த உடம்பு கோயில் மண்ணுக்கு ஆகாது. தூக்கில் தொங்கினவர்களைப் புதைக்கிற மேட்டுக்குக் கொண்டுபோங்கள்."

கோயில் மண்ணில்தான் லீஸா இருந்தாள். அவர்களுடைய ஒரே மகள், அம்மை வாரிக்கொண்டு போன குழந்தை. இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா இல்லாவிட்டால் தூங்கமாட்டாள். அவள் குழிக்கு இருபுறமும் வெற்று மண் காத்துக்கிடந்தது.

"சொல்லித் தொலையுங்கள், அண்ணி," என்று டீட்ரிச் காதைக் கடித்தான். "நாறினாலும் உண்மைதானே?"

"நீ சும்மா இரு."

சொல்லாமல் காட்டிவிடலாம் என்று உர்சுலா நினைத்தாள். ஜாடிக்குள் விரல்களை விட்டு எடுத்து உயர்த்தினாள். தோல் கொப்பளித்தது, இருட்டில் இரண்டாவது கை எரிந்தது.

"பாருங்கள் ஐயா, என் கையும்தான் மினுங்குகிறது. எனக்கும் பிசாசு பிடித்திருக்கிறதா?"

போதகர் பின்வாங்கிச் சிலுவை வரைந்தார். "சந்தேகமென்ன? நாளைக்கு உனக்கும் அந்த மேடுதான்."

டீட்ரிச் அண்ணியைப் பார்த்தான். அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான். உதட்டை நனைத்துக்கொண்டான், தொண்டையைக் கனைத்தான், பிறகு கத்தினான்:

"மூத்திரம் ஐயா, வெறும் மூத்திரம்! பீர்க்கடையில் ஊரே பெய்தது. அதில் உங்களுடையதும் உண்டு!"

அடைத்த ஜன்னலுக்கு வெளியே, ஓடிப்போய்த் திரும்பி வந்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாரோ களுக்கென்றார்கள். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. அடக்கிப் பார்த்த போதகரும் கடைசியில் குலுங்கிவிட்டார். சிரித்த வாயால் மறுபடி பிசாசு என்று சொல்ல முடியுமா? காஸ்பரை மகளின் பக்கத்திலேயே புதைத்தார்கள். அன்றுமுதல் அந்த இடத்துக்கு மூத்திரப் பண்டிதர் கல்லறை என்றே பெயர்.

அதன்பிறகு உர்சுலா விளக்கை அணைத்தால் போதும், சுவரில் அந்தக் கை தெரியும். பச்சையாய், புகைந்துகொண்டு. டீட்ரிச் வீட்டை அது எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவன் குறட்டை விட்டுத் தூங்கினான்.

கேட்டீர்களல்லவா? சத்தியம் செய்தவள் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தவன் சத்தியம் செய்யவில்லை. அப்படியானால் செத்தவருக்குக் கொடுத்த வாக்கைக் கெடுத்தது யார்? கெடுத்தது சரிதானா?

விடை: கெடுத்தவள் உர்சுலாதான். டீட்ரிச் கனைத்து முடிப்பதற்குள் அவன் வாயைப் பொத்தியிருக்கலாம்; சொல்லட்டும் என்றே நின்றாள். ஆனாலும் செய்தது சரி. செத்த மனிதருக்கு வேண்டியிருந்தது கெத்து. செத்த குழந்தைக்கு வேண்டியிருந்தது பக்கத்தில் ஓர் ஆள். அந்தக் கைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் தவறாமல் அவளிடம் வருமா? அதட்ட வந்ததா, நன்றி சொல்ல வந்ததா என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. புரிகிறவரை விளக்கேற்றுவதில்லை என்று இருட்டிலேயே அதன் எதிரில் உட்கார்ந்திருப்பாளாம்.