சிமெண்ட் போட்ட பெஞ்சு

“டீச்சர், பெஞ்சு மறுபடியும் திரும்பிக் கெடக்கு.”

தவமணியின் செருப்பில் ஈரமண் ஒட்டியிருந்தது. தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தான்.

ரெபேக்கா டீச்சர் மருத்துவமனைகளுக்குத் தோட்டம் அமைப்பவர். தவமணி அவரிடம் தொழில் கற்பவன். தீராத நோயாளிகள் கடைசி நாட்களைக் கழிக்கும் இல்லம் ஒன்றில், இறந்தவர்களின் நினைவாக ஒரு தோட்டம் போட வேண்டியிருந்தது. அந்த வேலையை அவனே கேட்டு வாங்கியிருந்தான்.

அங்கேதான் அவன் அப்பா இறந்தார்.

“நீ எந்தப் பக்கம் பாத்து வெச்ச?”

“அல்லித் தொட்டியப் பாத்து. வார்டுக்கு முதுகு காட்டி.”

“ஏன் அப்படி?”

“அங்க வந்து உக்காரப்போறது யாரு டீச்சர்? பறிகொடுத்தவங்க. அவங்க கண்ணுல அந்த வார்டு ஜன்னல் படக்கூடாது. கொஞ்ச நேரமாவது மறந்து இருக்கட்டும்.”

“அவங்க கேட்டாங்களா?”

தவமணி செருப்பின் மண்ணைத் தரையில் தேய்த்தான்.

“சரி. காலைல எதப் பாத்துக் கெடந்துச்சு?”

“ஓரக் கட்டில் ஜன்னல.”

“அது யாரு கட்டில்?”

“இப்ப யாருன்னு தெரியாது. முன்னாடி அப்பா இருந்தாரு.”

டீச்சர் தேநீரை ஆற்றினார்.

“வாட்ச்மேன் வேலையா இருக்குமோ?”

“சாய்மானம் வெச்ச கருங்கல் பெஞ்சு டீச்சர். ஒருத்தரால அசைக்க முடியாது. அவரக் கேட்டா, ‘தம்பி, நான் என் இடுப்பத் திருப்பவே ஆஸ்பத்திரிக்கு அலையிறேன்’ங்கிறாரு.”

“என்ன செய்யப்போற?”

“காலுக்குச் சிமெண்ட் போட்டுடறேன்.”

“போடு.”

போட்டான்.

சிமெண்ட் இறுகிய பிறகு ஒரு காலையில் போய்ப் பார்த்தான். பெஞ்சு வைத்தபடியே இருந்தது. அவனுக்கு மூச்சு வந்தது.

அருகே போனான்.

பெஞ்சு முழுக்கப் பனி பூத்திருந்தது. உட்காரும் கல்லில் மட்டும், வட்டமாக இரண்டு இடம் காய்ந்திருந்தது. சாய்மானத்தின் மேல் விளிம்பிலும் இரண்டு இடம்.

முழங்கால். முழங்கை.

யாரோ மண்டியிட்டு, சாய்மானத்துக்கு மேலாக வார்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்று மாலை டீச்சர் வந்தார். பெஞ்சை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக வார்டு வாசலுக்குப் போய் நின்றார்.

“வா.”

“நான் வரல டீச்சர். அப்பாவுக்கு அப்புறம் நான் உள்ள போனதில்ல.”

டீச்சர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கை வலித்தபோது மறு கைக்கு மாற்றினார். 

தவமணி உள்ளே போனான்.

ஓரக் கட்டிலில் மரியதாஸ் என்பவர் படுத்திருந்தார். லாரி ஓட்டியவர். ஆள் பாதியாகியிருந்தார், குரல் மட்டும் குறையவில்லை.

“நீதான் தோட்டம் போடுற தம்பியா?”

“ஆமாங்க.”

“படிச்சிருக்க. ஒரு பெஞ்சு ஒழுங்கா வைக்கத் தெரியலயே. நேத்து ராத்திரி பூரா அந்த மனுசன் முட்டி போட்டுக்கிட்டு இருந்தாரு.”

“யாரு?”

“யாரு கண்டா. எனக்குத் தூக்கம் வராதப்ப வந்து உக்காருவாரு. பேச மாட்டாரு. இந்த ஜன்னலயே பாத்துக்கிட்டு இருப்பாரு. கிளீனர் தூங்காம பக்கத்துல உக்காந்திருந்தா வண்டி ஓட்டுறவனுக்கு ஒரு தெம்பு இருக்குமில்ல, அந்த மாதிரி.”

“பயமா இல்லீங்களா?”

“அவரு வராட்டித்தான் பயம்.”

தவமணி வெளியே வந்தான். டீச்சர் கையில் கடப்பாரை இருந்தது. நீட்டினார்.

சிமெண்டை உடைக்க வெகுநேரம் ஆயிற்று. வாட்ச்மேனும் வார்டு ஊழியர்களும் வந்து கைகொடுத்தார்கள். பெஞ்சு வார்டைப் பார்த்துத் திரும்பியது. அவர்கள் போய்விட்டார்கள்.

இருட்டத் தொடங்கியிருந்தது.

“உக்காந்து பாரு,” என்றார் டீச்சர்.

பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தான். தலையைக் குனிந்தே வைத்திருந்தான். பிறகு மெல்ல நிமிர்ந்து, அப்பாவின் ஜன்னலைப் பார்த்தான்.

ஜன்னலில் மரியதாஸின் முகம் தெரிந்தது. அவர் தவமணியைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி,” என்று குரல் கொடுத்தார். “கொஞ்சம் தள்ளி உக்காரு.”

தவமணி தள்ளி உட்கார்ந்தான்.