முதலைக்குப் போன அழைப்போலை

கோரைப்பட்டணத்து ராஜா ஆதிகேசவ பூபதிக்கு முறை என்றால் உயிர். அவர் தும்மினால்கூட மூன்று தரம் முரசு கொட்டியாக வேண்டும். தாத்தா காலத்து முறையாம்!

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் காலையில், பரிவாரம் சூழ, அரண்மனைக்குப் பின்னாலிருந்த சதுப்பங்கரையில் உலாவப் போனார். அங்கே கிழட்டு முதலை ஒன்று சுகமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ராஜா கிட்டே வந்ததும் 'ஆ'வென்று வாயைப் பிளந்தது. அவ்வளவுதான்! ராஜா பிடித்தார் ஓட்டம். தலைப்பாகை சேற்றில், செருப்பு கோரைப்புல்லில்.

பரிவாரமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரே ஒரு சிரிப்பு மட்டும் 'களுக்'கென்று கேட்டது. சிரித்தவன் அரசவை விகடன் கூத்தையன். பாவம், அடக்கித்தான் பார்த்தான், முடியவில்லை.

சபை கூடியதும் தளபதி உலகளந்தான் எழுந்தார். மனுஷன் ஆள் மலை மாதிரி. குதிரை ஓட்ட மைதானம் வேண்டுமென்று அந்தச் சதுப்பின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"மகாராஜா! முதலையைக் கொன்றுவிட்டுச் சதுப்பைத் தூர்த்துவிடலாம். உத்தரவு கொடுங்கள்!"

கூத்தையன் துள்ளி எழுந்தான். நாரையும் நீர்க்கோழியும் ஆமையுமாகக் கிடக்கிற சதுப்பு. தினமும் விடிந்ததும் அங்கே போய் உட்காராவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. வாய் சும்மா இருக்குமா?

"அநியாயம் மகாராஜா! அது வாயைத் திறந்தது வெயில் காய. யாரையும் கடிக்கவில்லையே!"

"சிரித்தவனே நீதானே?" ராஜா உறுமினார். "தூர்க்கக் கூடாது என்பதற்கு முறைப்படி ஒரு காரணம் சொல். இல்லாவிட்டால் முதல் கூடை மண்ணோடு நீயும் உள்ளே போவாய்!"

கூத்தையன் தலையைச் சொறிந்தான். முறை... முறை... ஆங்!

"விசாரிக்காமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது தாத்தா ராஜா வகுத்த முறையல்லவா?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமாம்! விசாரணை நடக்கட்டும். வழக்குத் தொடுப்பவர் யார்?"

"நான்தான்!" என்று மார்தட்டினார் தளபதி. ஊமை முதலை என்னத்தைப் பதில் சொல்லிவிடப் போகிறது என்று அவருக்கு ஒரே குஷி.

"ரொம்ப சந்தோஷம்," என்றான் கூத்தையன். "அப்படியானால் அழைப்போலையையும் வெற்றிலை பாக்கையும் எதிராளியிடம் தளபதியாரே நேரில் கொடுக்க வேண்டும். அதுவும் தாத்தா ராஜா வகுத்ததுதான்."

தளபதியின் மீசை தொங்கிப்போயிற்று. "ஒரு வீரனை அனுப்பினால்...?"

"ஆள் விட்டுக் கொடுத்தால் வழக்கே செல்லாதய்யா!" என்றார் ராஜா. "நடங்கள்!"

ஊரே திரண்டுவிட்டது. ஒரு கையில் ஓலை, மறு கையில் வெற்றிலைத் தட்டு. தளபதி ஓரடி வைப்பார், ஈரடி பின்வாங்குவார். முதலை வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தது.

"இது கையை நீட்ட மாட்டேன் என்கிறதே!" என்று அலறினார்.

"கை எதற்கு?" கூத்தையன் தூரத்திலிருந்து கத்தினான். "வாயைத் திறந்துகொண்டு எவ்வளவு நேரம் காத்திருக்கும்? வெற்றிலையை நேரே உள்ளே வைத்துவிடுங்கள்!"

தளபதி நடுங்கியதில் ஒரு பாக்கு உருண்டுபோய் முதலையின் நாக்கில் விழுந்தது. 'டப்'பென்று வாய் மூடியது. தட்டு பறந்தது, ஓலை பறந்தது. தளபதி எப்படி ஏறினார் என்று யாருக்கும் தெரியாது, கரையோரப் புன்னை மரத்தின் உச்சாணிக் கிளையில் இருந்தார்.

"மகாராஜா! வழக்கே வேண்டாம்! வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்!"

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினார். "என்ன கூத்தையா, விட்டுவிடலாமா?"

கூத்தையன் பணிவாகக் கைகட்டினான்.

"தாராளமாக மகாராஜா. ஆனால் வாபஸ் வாங்குகிறவர் எதிராளியின் காதருகே போய்ச் சொல்ல வேண்டும் என்பதுதான் முறை!"

ராஜா சிரித்த சிரிப்பில் தும்மல் வந்துவிட்டது. முரசு மூன்று தரம் அதிர்ந்தது. முதலை மிரண்டு தண்ணீருக்குள் நழுவியது. காலையில் விழுந்து கிடந்த, சேறு சொட்டும் தலைப்பாகையை எடுத்து, ராஜா தம் கையாலேயே கூத்தையன் தலையில் வைத்தார்.

"சதுப்பு அப்படியே இருக்கட்டும்!"

தளபதி மரத்தைவிட்டு இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது.