ஆளுக்கொரு பூட்டு

அன்று வக்கீல் பூரணத்தின் அறையில் இருந்தவர்கள்: வாடகைப் பாத்திரக் கடை குருவையா, அவர் மச்சினன் தங்கமலை, கூட்டாளி இபுராகிம் ராவுத்தர், ராவுத்தரின் மருமகன் அன்சாரி, வியாபாரிகள் சங்கத் தலைவர், வார்டு கவுன்சிலர். பூரணத்தையும் சேர்த்தால் ஏழு பேர்.

கம்பம் ஊரில் கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுவது குருவையாவும் ராவுத்தரும் சேர்ந்து செய்த தொழில். ஒவ்வொரு அண்டாவிலும் இரண்டு பேர் பெயரும் ஒரே வரியில் வெட்டியிருக்கும். பிரிவது என்று ஆனபின், எந்த அண்டா யாருக்கு என்பதில் பேச்சு முறிந்தது. பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்த கிட்டங்கிக் கதவில் ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள்.

ஆடி முடியப் போகிறது. ஆவணியில் முகூர்த்தங்கள். கோர்ட்டுக்குப் போனால் வாய்தா மேல் வாய்தா. அண்டாவில் களிம்பு ஏறும். வாடிக்கை வேறு கடைக்குப் போகும்.

"கோர்ட்டுக்குப் போகாமத் தீர்த்து வைக்க, உள்ளூர்ல நல்ல மத்தியஸ்தரா ஒருத்தரைச் சொல்லுங்கம்மா" என்றார் குருவையா.

கோர்ட்டுக்கு வெளியே தீர்க்கும் வழக்குகளை மட்டுமே பார்ப்பவர் பூரணம்.

"நல்லவர்னா?"

"நியாயமானவர். நம்ம பக்கம் கொஞ்சம் புரிஞ்சவர்."

ராவுத்தர் சிரித்தார். தானும் அதே மாதிரி ஆளைத்தான் தேடுவதாகச் சொன்னார்.

பூரணம் யார் பெயரையும் சொல்லவில்லை. இங்கே இருப்பவர்களே போதும் என்றார். தனக்கு நம்பிக்கை இல்லாத ஆளை இருவரும் மாற்றி மாற்றி வெளியே அனுப்ப வேண்டும். மிஞ்சுகிறவர் மத்தியஸ்தர்.

"நானும் அதில் சேர்த்தி" என்றார்.

இதென்ன விளையாட்டு என்று குருவையாவுக்குத் தோன்றியது. ஆனாலும் யார் மிஞ்சுவார் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

முதலில் அன்சாரியை அனுப்பினார். பேச்சு வரும்போதெல்லாம் மாமனாருக்குக் கண் காட்டுகிறவர்.

ராவுத்தர் தங்கமலையை அனுப்பினார். பூட்டு வாங்கிக் கொடுத்ததே அவன்தான் என்று ஒரு குத்தலும் விட்டார்.

குருவையா கவுன்சிலரை எழுப்பினார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ராவுத்தர் வாடகையே வாங்கவில்லை.

தலைவர் குருவையாவுக்குச் சம்பந்தி முறை. அவரைப் போகச் சொன்னார் ராவுத்தர். டீ இன்னும் ஆறவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே, தம்ளரையும் தூக்கிக்கொண்டு போனார் தலைவர்.

குருவையாவின் முறை வந்தது. பூரணத்தைப் பார்த்தார். இந்த அம்மாவை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது ராவுத்தர். அது உறுத்தியது.

"தப்பா நினைக்காதீங்கம்மா."

பூரணம் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவை வெளியிலிருந்து சாத்தினார்.

இனி ராவுத்தரின் முறை. அவர் அனுப்ப ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

குருவையா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "அப்ப நான் போகட்டுமா, மாமா?"

ராவுத்தர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"உட்காரு மாப்ளே. உன்னையும் அனுப்பிட்டு நான் யாரோட சண்டை போடுறது?"

குருவையா உட்கார்ந்தார்.

போனவர்கள் போக, மீதி இரண்டு பேர்.