மந்தாரை இலை பிளந்த கதை

அந்தக் காலத்தில் மரங்களுக்கும் வாய் இருந்தது. நம்மைவிட அதிகமாகவே பேசும். வேம்பு போகிறவர் வருகிறவர்களை நிறுத்தி வைத்துப் புத்தி சொல்லும். முருங்கை ஊர்வம்பு பேசும்.

அப்போது ஒரு தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. முற்றத்து மரம் முதன்முதலாகப் பூத்தால், அன்று சாயங்காலம் வீட்டுக்காரி அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேரில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெயர் தெரியாத மரமென்றால் வெட்டிவிட வேண்டும். விஷ மரமாக இருந்து தொலைத்தால் யார் பொறுப்பு?

அந்தத் தெருவில் செம்பாயி என்பவள் தனியாக இருந்தாள். அவள் முற்றத்தில் ஒரு மரம் தானாக முளைத்து வளர்ந்தது. எங்கிருந்தோ ஒரு மைனா கொண்டுவந்து போட்ட விதை. செம்பாயிக்கு அதுதான் பேச்சுத் துணை. "சாப்பிட்டியாக்கா?" என்று அது கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஒரு நாள் காலையில் அது ஊதாவும் சிவப்புமாகப் பூத்து நின்றது. யாரும் பார்த்திராத பூ. ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். மரத்துக்கோ தன் பெயரே தெரியாது. தாய்மரத்தைப் பார்த்திருந்தால்தானே தெரியும்! தெரியாது என்றால் கோடரி வருமே என்று பாவம் நடுங்கிப்போனது.

எதிர்வீட்டு முத்தழகு அதன் வட்ட இலையைத் தடவிப் பார்த்து, "நீ பூவரசுதானே?" என்றாள்.

"ஆமாக்கா, பூவரசுதான்."

அவள் போனதும் பக்கத்துவீட்டுக் காத்தாயி வந்தாள். "கொன்றைதானே நீ? நிறம் மாறிப் பூத்திருக்கியா?"

"ஆமாக்கா, கொன்றைதான்."

சாயங்காலம் எல்லோரும் கூடினார்கள். செம்பாயி மஞ்சள் தண்ணீர்ச் செம்பைத் தூக்கும் முன்பே முத்தழகு ஓர் இலையில் கை வைத்தாள். "கொழுக்கட்டை அவிக்கப் பூவரச இலை பறிச்சுக்கறேன்."

"ஏண்டி, கொன்றை இலையிலயா கொழுக்கட்டை? இது சொறிக்கு அரைச்சுப் போடறது!" என்று காத்தாயியும் அதே இலையைப் பிடித்தாள். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் இலை நுனியிலிருந்து பாதிவரை கிழிந்தது.

"ரெண்டும் இல்லக்கா! என் பேரு எனக்கே தெரியாது" என்று மரம் அழுதுவிட்டது.

"பொய் சொல்ற மரமா? வெட்டுங்க!" என்றார்கள். கோடரியும் வந்தது.

செம்பாயி குறுக்கே போய் நின்றாள். "பயத்துல சொல்லிடுச்சு. இதானே நீ, அதானே நீன்னு கேட்டா அது என்ன செய்யும்? பேருதானே வேணும்? நான் வைக்கிறேன். மந்தாரை!"

"பூ உதிர்ந்ததும் மறுபடி பூவரசுன்னு சொல்லாதுங்கறதுக்கு என்ன நிச்சயம்?" என்றாள் காத்தாயி.

"இனிமே நான் வாயே திறக்கல. என் இலையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்" என்றது மரம்.

"ஐயோ, வேண்டாம். நீ பேசாம நான் எப்படி இருப்பேன்?"

"வெட்டிட்டா மட்டும் பேசுவேனாக்கா?"

அதுதான் மரம் பேசிய கடைசிப் பேச்சு. அப்படியே தன் இலைகள் அத்தனையையும் கிழிந்த இலையைப் போலவே பிளந்துகொண்டது. கோடரி திரும்பிப் போனது. செம்பாயி அழுதுகொண்டே, "மந்தாரை" என்று கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் சோற்றுத் தட்டோடு மரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு அவளே, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, தன் செம்புத் தண்ணீரை அதன் வேரில் ஊற்றினாள்.

நமக்கெதற்கு வம்பு என்று மற்ற மரங்களும் வாயை மூடிக்கொண்டன.

அன்று முதல்தான் மந்தாரை இலை நுனியில் பிளந்திருக்கிறது. பெயர் தெரியாத மரத்தின் பூவைப் பார்த்து எவ்வளவு மயங்கினாலும், நாமும் அதன் இலையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பெயர் சொல்கிறோம்.