மூணு சால் போட்ட மான்

ஒரு ஊர்ல துமானின்னு ஒருத்தன் இருந்தான். நம்ம பக்கம் இல்லடா கண்ணு, ஆப்பிரிக்காவுல, கம்பு விளையற ஊரு. கூழுன்னா முதல் ஆளு. மண்ணு வெட்டற மம்முட்டியைப் பார்த்தா மட்டும் காய்ச்சல் வந்துரும். ம் சொல்லு.

அந்த ஊர்ல, தலையில கட்டிக்கிட்டு ஆட மரத்துல ஒரு மான் செதுக்கி வச்சிருந்தாங்க. கொம்பு ரெண்டும் கம்புத்தட்டை மாதிரி நெட்டை, உடம்பு மண்ணைப் பறிக்கிற எறும்புத்தின்னி மாதிரி குட்டை. மனுசனுக்கு நிலத்தைக் கொத்தக் கத்துக்குடுத்ததே அந்த மான்தானாம். மழை விழுந்ததும் அது ஆடணும், அப்புறம்தான் விதைப்பு. மானுக்குள்ள ஆடறது யாருன்னு வெளிய சொல்லக்கூடாது. ஆடினதுக்கு ஒரு பானைக் கூழு, வேர்க்கடலைக் குழம்போட.

அந்த வருஷம் மழை சடசடன்னு கொட்டிருச்சு. ஆனா மான் கட்டற ஆளுக்குக் கால் சுளுக்கு! ஈரம் காஞ்சா விதைப்பு போச்சே. அப்போ துமானி ஊர்ப் பெரியவர்கிட்ட ஓடினான்.

"நான் கட்டறேன்."

"முடியுமாப்பா?"

"ஆடறதுதானே!"

தலையில மான், உடம்பு பூரா நார். டம் டம் டக்கு! குதிச்சான், கொம்பை ஆட்டினான். அப்போ பெரியவர் அவன் கையில மம்முட்டியைத் திணிச்சாரு. "மானே, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு மண்ணைக் கொத்தி ஒரு சால் போடு."

துமானி மம்முட்டியைப் பார்த்தான், ஊரைப் பார்த்தான். சுத்தியும் ஊரு, எங்க ஓடறது? சரக், சரக்... கொத்தினான். அவன் பொண்டாட்டி நியெலே பக்கத்துல நின்னவகிட்ட, "பாருடி, ஆம்பளைன்னா இப்படி! எங்க வீட்டுது எங்க படுத்துக் கெடக்கோ"ங்கறா. பல்லைக் கடிச்சுக்கிட்டு எதிர்க்கோடிக்குப் போயிட்டான்.

அப்புறம் மானுக்குத் தண்ணி குடுக்க அவளே போனா. நாருக்குள்ளேருந்து மெதுவா, "நியெலே, கூழு ஆறிடப் போகுது."

அட! குரலைக் கேட்டதும் அவளுக்கு யாருன்னு தெரிஞ்சுபோச்சு. காட்டிக்குடுத்தாளா? இல்லையே. திரும்பி, "மான் இன்னொரு சால் போடுமாம்!"னு கத்தினா. டம் டம் டம்! சரக், சரக். ரெண்டாவதும் முடிஞ்சுது.

"அடியே..."ன்னு முனகினான்.

"மூணாவதும் போடுமாம்!"

மூணாவது பாதியில தொப்புன்னு உக்காந்துட்டான். கொட்டு நின்னுபோச்சு. மான் கொம்பு சாஞ்சா கம்பும் சாஞ்சிருமேன்னு ஊருக்கே முகம் வாடிருச்சு. நியெலேவுக்கு மனசு கேக்கல. இன்னொரு மம்முட்டியோட பக்கத்துல இறங்கி, "எழுந்திருங்க. மீதியை ரெண்டு பேரும் போடலாம்"னு காதுல சொன்னா. சரக், சரக்! பின்னாலேயே ஊரே விதையோட இறங்கிருச்சு.

தூங்கிட்டியா? ம்... அப்புறம், வீட்டுக்குள்ள கூழுப்பானை வந்துச்சு. துமானி கையெல்லாம் கொப்புளம், அகப்பையைப் புடிக்க முடியல. நியெலேதான் ஊட்டினா. வாய் நிறைய ஊட்டிட்டு, "நாளைக்கு நம்ம நிலம்"ன்னா.

வாய் நிறைய கூழு. முடியாதுன்னு எப்படிச் சொல்லுவான்? தலையை ஆட்டினான்.

அவ்வளவுதான்டா கதை. அவன் படுத்துட்டான், நீயும் கண்ணை மூடு.