ஜூன் முப்பத்தொன்று

ஞானிகள் மலையுச்சியில் இருப்பார்கள் என்று பரவலாக நம்பப்படுகிறது. நூற்றாண்டுகளாக நீடிக்கும் இந்தப் பிழையை இங்கே திருத்திவிட வேண்டியிருக்கிறது. மலையுச்சியில் இருப்பவை காற்றும் ஆட்டுப் புழுக்கையும்தான். ஞானம் உள்ளவர் அடிவாரத்தில், கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உச்சிக்குப் போனவருக்கு இது இறங்கும்போதுதான் தெரியவரும்.

தங்கப்பழம் அடிவாரத்திலேயே கேட்டார்.

"என்கிட்ட மட்டும் ஏம்மா எவனும் உண்மையைச் சொல்ல மாட்டேங்கிறான்?"

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருந்தார். அச்சு இயந்திரக் கண்காட்சி பார்க்கத் தன் ஆட்கள் இரண்டு பேரோடு மூன்று நாள் பெங்களூர் வந்தவர். மூன்றாம் நாள் வேலை எதுவும் இல்லை. ஹோட்டல் வரவேற்பறையில் ஒரு துண்டுத்தாள் கிடந்தது. பாறை ஏறுதல், பயிற்சியாளர் உடன் இருப்பார், ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை வளரும் என்று அதில் போட்டிருந்தது. கடைசி வரியைப் படித்துவிட்டு மூன்று பேருக்குப் பதிவு செய்தார்.

பயிற்சியாளர் பெயர் ஸ்டெல்லா. வயது இருபத்தெட்டு. பெங்களூர் ஃபிரேசர் டவுன் தமிழர்.

"நான் பாறை ஏற மட்டும்தான் சொல்லித்தருவேன் சார்," என்றார் ஸ்டெல்லா.

"தாள்ல நம்பிக்கைன்னு போட்டிருந்துச்சே?"

"தாள்ல என்ன வேணா போடுவாங்க. நீங்க பிரிண்டர். உங்களுக்குத் தெரியாததா?"

தங்கப்பழம் பெருமூச்சு விட்டார். தெரிந்திருந்தது.

"ஜூனுக்கு முப்பத்தோரு நாள் போட்டு அடிச்சுட்டோம்மா," என்றார்.

ஸ்டெல்லா கயிற்றைச் சுருள் பிரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"மே மாசத் தாளை வெச்சு ஜூனைப் பண்ணச் சொன்னேன். புரூஃப் வந்துச்சு. பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். அதுக்கப்புறம் பதினோரு பேர் கை மாறியிருக்கு. ஒருத்தனும் வாயைத் திறக்கலை. நாற்பதாயிரம் காலண்டர்."

"யார் கண்டுபிடிச்சா?"

"கல்யாண வீட்டுக்காரர் ஒருத்தர். நம்மாளு அந்த முப்பத்தொண்ணுக்கு நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் போட்டு, சுபமுகூர்த்த நாள்னு வேற போட்டிருக்கான். அவர் மண்டபம் கேட்கப் போயிருக்கார்."

"இல்லைன்னு சொல்லிட்டாங்களா?"

"புக் பண்ணிக்கிட்டாங்க. மண்டபத்துலயும் நம்ம காலண்டர்தான்."

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருப்பதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்.

கொஞ்சம் தள்ளி, வேனின் நிழலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் மேனேஜர் சங்கரலிங்கம். அச்சகத்தில் இருபத்தாறு வருடம். மற்றவர் புரூஃப் பார்க்கும் அழகர்ராஜ். நான்கு வருடம். இருவருமே பாறை ஏற ஆசைப்பட்டதில்லை. முதலாளி கூப்பிட்டார், வந்தார்கள்.

தங்கப்பழம் குரலைத் தாழ்த்தினார்.

"ஊருக்குப் போனதும் இந்த ரெண்டு பேர்ல ஒருத்தனைத் தூக்கியாகணும். பிழைக்கு யாராவது பொறுப்பேற்கணும் இல்லையா? எவன் உண்மையான ஆளுன்னு தெரியணும். அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்."

தாழ்த்திய குரல் வேன் வரை கேட்டது. அச்சு இயந்திரங்களுக்கு நடுவே முப்பது வருடம் பேசியவருக்குத் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது.

அழகர்ராஜ் தன் செருப்பைப் பார்த்தார். சங்கரலிங்கம் வானத்தைப் பார்த்தார்.

ஸ்டெல்லா மூவரையும் கூப்பிட்டு, ஹெல்மெட்டும் இடுப்பு வாரும் மாட்டிவிட்டு, முடிச்சுப் போடக் கற்றுத்தந்தார்.

"இது எட்டு முடிச்சு."

"எட்டா? எனக்கு எட்டு ஆகாதும்மா."

"அப்போ ஏறாதீங்க சார்."

தங்கப்பழம் எட்டை ஏற்றுக்கொண்டார்.

"ஏறுறவர் முடிச்சைத் தானே போட்டுக்கணும்," என்றார் ஸ்டெல்லா. "கூட வந்தவங்க அதைத் தொட்டுப் பார்க்கணும். கண்ணால பார்த்தா போதாது. பார்த்துட்டு சரி, இல்லைன்னா தப்பு. இந்த ரெண்டு வார்த்தைதான். வேற பேச்சு கிடையாது."

"முதலாளியைப் போய்த் தப்புன்னா எப்படிங்க?" என்றார் சங்கரலிங்கம்.

"முடிச்சைத்தான் சொல்லப் போறீங்க."

இதற்குள் தங்கப்பழத்தின் போன் அடித்தது. மதுரை நகைக்கடைக்காரர். காலண்டர் விஷயம்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, ஆமாய்யா, ஆமாய்யா என்று சொல்லிக்கொண்டே முடிச்சைப் போட்டார். எட்டு ஓரளவு எட்டு மாதிரியே வந்தது. ஆனால் கயிறு போக வேண்டிய இடம் முன்னால் இருக்கும் தடித்த வார். அவர் கோர்த்தது பக்கவாட்டில் இருந்த மெல்லிய வளையம். தண்ணீர் பாட்டில் மாட்டுவதற்காகத் தைத்தது.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"பாருங்கப்பா."

சங்கரலிங்கம் கிட்டே வந்தார். சாமி படத்துக்குப் போட்ட மாலையைத் தொடுவதுபோல விரல் நுனியால் தொட்டார்.

"ரொம்ப அருமையா வந்திருக்கு முதலாளி."

"சரியா தப்பா?" என்றார் ஸ்டெல்லா.

"சரி."

அழகர்ராஜ் வந்தார். குனிந்தார். வளையத்தைப் பார்த்தார். வாரைப் பார்த்தார். மறுபடி வளையத்தைப் பார்த்தார். நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் திரும்பவும் வானத்துக்குப் போயிருந்தார்.

"சரி, முதலாளி," என்றார் அழகர்ராஜ்.

ஸ்டெல்லாவும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாறையின் அடியில் ஒரு தடித்த மெத்தையை இழுத்துப் போட்டுவிட்டு, உச்சியிலிருந்த கொக்கி வழியாகக் கீழே வந்த கயிற்றின் மறுமுனையை இறுக்கிப் பிடித்தார்.

"ரெண்டடி ஏறுங்க சார்."

ஏறினார்.

"இப்போ ரெண்டு கையையும் விடுங்க."

விட்டார்.

பட்டென்று ஒரு சத்தம். தங்கப்பழம் மெத்தையில் உட்கார்ந்திருந்தார். கயிறு அவர் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. முடிச்சில் கிழிந்த வளையம் அப்படியே மாட்டியிருந்தது. முடிச்சு அவிழவே இல்லை.

 தூரத்தில் ஒரு மயில் கத்தியது.

"உனக்குத் தெரிஞ்சுதா இல்லையா?" என்று தங்கப்பழம் சங்கரலிங்கத்தைக் கேட்டார்.

"தெரிஞ்சுது முதலாளி. ஆனா நீங்க ஏதாவது யோசிச்சுத்தான் அங்க போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"நீ?"

"மேனேஜரே சரின்னுட்டாரு," என்றார் அழகர்ராஜ்.

தங்கப்பழம் மெத்தையில் உட்கார்ந்தபடியே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். என்மேல் உங்களுக்கு அக்கறை இல்லையா, இது அறுபதடி உயரத்தில் நடந்திருந்தால் என்ன ஆகும், எனக்கு ஆமாம் போடும் ஆள் வேண்டாம், தப்பைத் தப்பு என்று சொல்கிற ஆண்பிள்ளை வேண்டும் என்பது அதன் சாரம். இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ஸ்டெல்லா வேறொரு இடுப்பு வார் கொண்டுவந்தார். போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்று மூன்று தடவை முடிச்சைப் போட்டு அவிழ்க்க வைத்தார். நான்காம் தடவை தங்கப்பழம் போட்டது புத்தகத்தில் படம் போடலாம் என்கிற அளவுக்குச் சரியாக இருந்தது.

சங்கரலிங்கம் வந்தார். இந்தத் தடவை நன்றாகக் குனிந்தார். இழுத்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். நிமிர்ந்தார்.

"தப்பு, முதலாளி."

தங்கப்பழம் முகம் மலர்ந்தது. மேனேஜரின் தோளில் தட்டினார்.

"பார்த்தியாம்மா? ஒரு தடவை விழுந்ததுல மனுஷன் எப்படி மாறிட்டான்!"

"அது சரியான முடிச்சு சார்," என்றார் ஸ்டெல்லா.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார் சங்கரலிங்கம்.

அழகர்ராஜ் வந்தார். கயிறு உள்ளே போகும் இடத்திலிருந்து வெளியே வரும் இடம்வரை விரலை ஓட்டினார். ஒரு வரியையும் விடாமல் புரூஃப் படிக்கிறவர் அப்படித்தான் விரலை ஓட்டுவார்.

"சரி," என்றார்.

முதலாளி என்று சேர்க்கவில்லை. நான்கு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

ஸ்டெல்லா கயிற்றின் மறுமுனையை அழகர்ராஜின் இடுப்பு வாரில் பூட்டினார். இருபது நிமிடம் பழக்கினார். பிறகு, கயிற்றின் வாலைத் தன் கையில் சுற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றார்.

தங்கப்பழம் ஏறினார். நன்றாகவே ஏறினார் என்று சொல்ல வேண்டும். சிறு வயதில் வேம்பில் ஏறிய கால்கள். நாற்பதடியில் ஒரு சிறிய விளிம்பு இருந்தது. அதில் நின்றுகொண்டு பாறையைக் கட்டிப்பிடித்தார்.

"போதும்மா. இறக்கிவிடு."

"பின்னால சாஞ்சு, கையை விடுங்க சார். அண்ணன் இறக்குவார்."

கை வரவில்லை.

"அழகரு, கயிறைப் பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன் முதலாளி."

"நல்லா?"

"நல்லா பிடிச்சிருக்கேன் முதலாளி."

கை வரவில்லை.

"பிரமாதமா நிக்கிறீங்க முதலாளி," என்றார் சங்கரலிங்கம்.

வெயில் பாறைமேல் ஏறி வந்தது. தங்கப்பழம் பாறையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். கீழே குனிந்து பார்க்கவும் முடியவில்லை. குனிந்தால் ஹெல்மெட் பாறையில் இடித்தது.

"அதான் பிடிச்சிருக்கேன்னு சொல்றாரே சார்," என்றார் ஸ்டெல்லா.

"அவன் பிடிக்கலைன்னாலும் அதைத்தானேம்மா சொல்வான்."



கால் மணி நேரம் போனது. பாறையிலிருந்து குரல் வந்தது. குரலில் முதலாளி பாதிதான் இருந்தார்.

"அழகரு. என்கிட்ட ஒரே ஒரு உண்மையைச் சொல்லு. நான் கேட்க விரும்பாத உண்மையா சொல்லு. அப்பதான் நான் கையை விடுவேன்."

அழகர்ராஜ் கயிற்றைப் பார்த்தார். பின்னால் திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஜூன் புரூஃபை நான் பார்த்தேன்," என்றார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன். மெஷினுக்குப் போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம். முப்பத்தொண்ணைச் சுத்தி சிவப்பு மையில வட்டம் போட்டேன். உங்க மேஜையில கொண்டுவந்து வெச்சேன்."

மேலிருந்து ஒரு சிறு கல் உருண்டு விழுந்தது.

"நீங்க எடுத்துப் பார்த்தீங்க. வட்டத்தைப் பார்க்கலை. உங்க கையெழுத்துப் பக்கத்துல மை இருக்கிறதைத்தான் பார்த்தீங்க. நான் கையெழுத்துப் போட்ட தாள்ல மை வெச்ச பய எவன்னு கேட்டீங்க. எல்லாரும் இருந்தாங்க. மேனேஜரும் இருந்தாரு."

சங்கரலிங்கத்துக்கு இந்தத் தடவை வானத்தில் பார்க்க ஒன்றும் அகப்படவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"மை சிந்திருச்சுன்னு சொன்னேன் முதலாளி."

"அப்புறம்?"

"பார்த்து வேலை செய்யின்னு சொல்லிட்டு, அழிச்சுட்டு அனுப்பச் சொன்னீங்க. அழிச்சு அனுப்பினேன்."

 பிறகு மேலே ஒரு கை பாறையை விட்டது. பிறகு இன்னொன்று. தங்கப்பழம் பின்னால் சாய்ந்தார். கயிறு இறுகியது. அழகர்ராஜின் குதிகால் மண்ணில் ஒரு விரற்கடை புதைந்தது.

கயிறு தாங்கியது.

தங்கப்பழம் மெதுவாக, ஒரு ஆட்டமும் இல்லாமல், கண்ணை மூடியபடி இறங்கி வந்தார். பாதம் தரையில் பட்டபோதும் கண்ணைத் திறக்கவில்லை. ஸ்டெல்லாதான் முடிச்சை அவிழ்த்தார். தங்கப்பழத்தின் உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது. தண்ணீர் ஊற்றினார்.

"ஏம்மா," என்றார் தங்கப்பழம். "வந்ததும் உன்கிட்ட ஒண்ணு கேட்டேன். என்கிட்ட ஏன் எவனும் உண்மையைச் சொல்றதில்லைன்னு. நீ இன்னும் பதில் சொல்லலையே."

ஸ்டெல்லா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சொன்னாங்களே சார்," என்றார். "இது ரெண்டாவது தடவை."

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

வேனில் ஊர் திரும்பும்வரை தங்கப்பழம் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். யாரோடும் பேசவில்லை. கிருஷ்ணகிரியில் காபி குடித்தபோது மட்டும், அன்றைக்கு யார் யார் அறையில் இருந்தார்கள் என்று ஒரு தடவை கேட்டார். சங்கரலிங்கம், தனக்கு ஞாபகம் இல்லை என்றார். தங்கப்பழம் தலையசைத்தார்.

கிழிந்த வளையத்தைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அது இப்போது அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களிடம் அதைக் காட்டி நம்பிக்கையைப் பற்றிப் பேசுவார். பக்கத்தில் நிற்கும் சங்கரலிங்கம், முதலாளி எப்படி ஏறினார் என்பதைச் சொல்வார். உயரம் இப்போது எண்பதடி.

திங்கட்கிழமை முதல் அழகர்ராஜ் குடோனில் இருக்கிறார். திரும்பி வந்த காலண்டர்களில், ஜூன் முப்பத்தொன்றின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டுகிறார்.